இரும்பை உருக்கிய ஹீத் துரை!

நெய் உறைந்திருந்தால் அடுப்பருகே வைக்கிறோம். இளஞ்சூட்டிலேயே உருகிவிடுகிறது. வெல்லத்துக்கு இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும். இரும்புக்கோ 1538 டிகிரி வெப்பம் தேவை!

அந்த இரும்பை ஊதுலைத் துருத்தியைக் கொண்டே உருக்கினார்கள், நம் சேலத்துக் கொல்லர்கள். அதைக் கண்டு வியந்து, தம் வாழ்வையே இரும்புக்குக் கொடுத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத் துரை.

அவர் கிழக்கிந்தியக் கும்பெனியின் அதிகாரி. சேலத்தில் வேலை பார்த்தார்.

ஆவாரங் கட்டையும் எருக்கிலையும்

கஞ்சமலைப் பக்கம் இரும்புக் கல் ஏராளம். கொல்லர்கள் இரும்புத் துண்டுகளை மண் குகையில் போடுவார்கள். கூடவே உலர்ந்த ஆவாரங் கட்டை, மேலே எருக்கிலை. குகையின் வாயைக் களிமண்ணால் அடைப்பார்கள். இப்படி இருபதுக்கு மேற்பட்ட குகைகளை உலையில் அடுக்கி, ஆட்டுத்தோல் துருத்தியால் இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள்.

கட்டையும் இலையும் எதற்கு? அவை கரியாகி இரும்புடன் சேரும். கரி சேர்ந்த இரும்பு குறைந்த சூட்டிலேயே உருகும். ஆறியதும் அதுவே எஃகு! உருக்கு என்ற பெயரே உருக்கியதால் வந்ததுதான்.

பறிபோன பலன்

ஹீத் துரை உத்தியோகத்தை விட்டார். 1830ஆம் ஆண்டில் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பு ஆலை தொடங்கினார். சேலத்துக் கல் அங்கே போயிற்று. கைப்பணம் கரைந்தது, கடன் ஏறியது. ஆலை லாபம் தரவில்லை.

அவர் தளரவில்லை. இங்கிலாந்து சென்றார். உருகும் எஃகில் சிறிது மாங்கனீசு சேர்த்தால், மட்டமான இரும்பும் நல்ல எஃகாகும் என்று கண்டார். 1839இல் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். எஃகின் விலை சரிந்தது. ஷெப்பீல்டு நகர ஆலைக்காரர்கள் கொழுத்தார்கள்.

ஹீத்துக்கு என்ன கிடைத்தது? வழக்குத்தான்!

மாங்கனீசையும் கரியையும் முன்கூட்டியே சேர்த்து உருக்கிப் போடுவதாகப் பத்திரத்தில் எழுதியிருந்தார். அவருடைய முகவராக இருந்தவரே, இரண்டையும் தனித்தனியாகக் குகையில் போட்டார். குகைக்குள் அவை ஒன்று சேர்ந்தன. பலன் அதேதான், பணம் மட்டும் தரவில்லை.

வழக்கு ஆண்டுக் கணக்கில் நடந்தது. 1855இல் பிரபுக்கள் சபை ஹீத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை.

கஞ்சமலை அடிவாரத்தில் 1981இல் சேலம் உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியது. ஹீத்தின் பெயராவது ஏட்டில் இருக்கிறது. அவரை வியக்க வைத்த கொல்லர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை.