சாக்பீஸ் பிடித்த கை

ஒரு ஓவியம் யாருக்குச் சொந்தம்? காசு கொடுத்து வாங்கினவருக்கா, வழியில போற எல்லாருக்குமா? இந்தக் கேள்வியோட கடைசி வரைக்கும் மல்லுக்கட்டினவர் கீத் ஹாரிங்.

1958 மே 4 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தார். அப்பா ஒரு இன்ஜினியர். பொழுதுபோக்காகக் கார்ட்டூன் வரைவார். பையனுக்கு முதலில் கார்ட்டூன் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். விளம்பர ஓவியம் படிக்க பிட்ஸ்பர்க் போன கீத், அது தனக்கு செட் ஆகாதுன்னு பாதியிலேயே விட்டார். 1978இல் நியூயார்க் போய் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார்.

நியூயார்க்கின் சுரங்க ரயில் நிலையங்களில், காலாவதியான விளம்பரங்களைக் கறுப்புத் தாள் ஒட்டி மறைத்து வைப்பார்கள். 1980இல் அந்தத் தாள் கீத் கண்ணில் பட்டது. அவருக்கு அது கரும்பலகை! வெள்ளை சாக்பீஸால் சில நிமிஷத்தில் ஒரு படம்: தவழும் குழந்தை, குரைக்கும் நாய், ஆடும் மனிதர்கள். சில நாட்களில் 40 படம்கூட போட்டிருக்கிறார். போலீஸ் பலமுறை பிடித்தது. ஆனாலும் ரயிலுக்குக் காத்திருந்த ஜனங்கள் டிக்கெட் இல்லாமலே கண்காட்சி பார்த்தாங்க.

பேர் வந்ததும் சிக்கலும் வந்தது. படங்களைத் தாளோடு கிழித்துக்கொண்டு போய் விற்க ஆரம்பித்தார்கள். எல்லாருக்கும்னு வரைந்தது ராத்திரியோட ராத்திரியா யாரோ ஒருத்தர் வீட்டுக்குப் போயிடுது. 1985 வாக்கில் சுரங்கத்தில் வரைவதையே நிறுத்திவிட்டார்.

அடுத்து அவர் போனது இரண்டு வழியில்.

ஒன்று, ஸ்கிரீன் பிரிண்ட். டீ-ஷர்ட்டில் லோகோ போடுறாங்களே, அதே முறைதான். சட்டத்தில் இழுத்துக் கட்டின வலைத்துணி வழியா மையை அழுத்தித் தள்ளணும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன். 1986இல் தன் நண்பர் ஆண்டி வார்ஹோலை மிக்கி மவுஸ் மாதிரி வரைந்து 'ஆண்டி மவுஸ்' என்று நாலு பிரிண்ட் போட்டார். ஒவ்வொன்றிலும் விற்பனைக்கு 30 பிரதிதான். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, நம்பரும் போட்டாங்க. ஆயிரக்கணக்கில் அடிக்கக்கூடிய முறையில் 30 மட்டும் அடித்தால் என்ன ஆகும்? விலை ஏறும்.

இரண்டாவது வழி அதுக்கு நேர் எதிர். அதே 1986இல் மன்ஹாட்டனில் 'பாப் ஷாப்' என்று ஒரு கடை திறந்தார். டீ-ஷர்ட், பேட்ஜ், போஸ்டர் எல்லாம் சாதாரண விலையில். கலையை வியாபாரமாக்கிட்டார்னு விமர்சகர்கள் திட்டினார்கள். லட்சங்களுக்கு விற்றால் கலை, சில டாலருக்கு விற்றால் வியாபாரமா? கீத் கடையை மூடவில்லை.

1988இல் எய்ட்ஸ் இருப்பது தெரிந்தது. பலரும் வெளியே சொல்லப் பயந்த காலம் அது. அவர் மறைக்கவில்லை; அந்த நோய் பற்றிய மௌனத்தை உடைக்கும் போஸ்டர்கள் வரைந்தார். 1989இல் குழந்தைகளுக்கும் எய்ட்ஸ் பணிகளுக்கும் உதவ ஒரு அறக்கட்டளை தொடங்கினார். அதே வருஷம் இத்தாலியின் பீசா நகரில், ஒரு தேவாலயத்தின் பின்பக்கச் சுவர் முழுக்க 'டுட்டோமொண்டோ' ஓவியத்தைத் தீட்டினார்.

1990 பிப்ரவரி 16 அன்று இறந்தபோது அவருக்கு வயசு 31.

நம்பர் போட்ட அந்த பிரிண்டுகள் இன்னிக்கு ஏலத்துக்கு வந்தால் பெரும் பணக்காரங்கதான் வாங்க முடியும். பீசா சுவர் மட்டும் தெருவைப் பார்த்து அப்படியே நிக்குது. அதை யாரும் கிழிச்சுட்டுப் போக முடியாது.