கூலிங் இருக்கா? சில்லுன்னு குடிக்க உலகத்தைப் பழக்கிய ‘ஐஸ் ராஜா’ டியூடரின் கதை

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது உத்தனப்பள்ளி. அங்கே ஷிப்ட் முடிந்து வருகிற ஒருவர் பெட்டிக்கடையில் மாம்பழ ஜூஸ் கேட்டால், கூலிங்கா சாதாவா என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். சளி பிடித்தவர்களைத் தவிர யாரும் சாதா கேட்பதில்லை. இத்தனைக்கும் பாட்டிலில் இருப்பது பக்கத்து கிருஷ்ணகிரி ஆலையில் அரைத்த மாம்பழக் கூழாகவே இருக்கலாம். மரத்தடியில் வெதுவெதுப்பாகச் சாப்பிட்டால் இனிக்கிற அதே பழம், பாட்டிலுக்குள் போனதும் சில்லுன்னு இல்லாவிட்டால் தொண்டையில் இறங்க மறுக்கிறது.

இது தானாக வந்த பழக்கம் இல்லை. இதை ஒரு வியாபாரமாகத் திட்டமிட்டு, கடல் கடந்து பரப்பியவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த ஃபிரெடெரிக் டியூடர்.

1783-ல் பிறந்த டியூடர், வசதியான வழக்கறிஞர் ஒருவரின் மகன். சகோதரர்கள் ஹார்வர்டுக்குப் போனார்கள், இவர் வியாபாரத்துக்கு வந்தார். குடும்பத்துக்குச் சொந்தமான பண்ணையில் ஒரு குளம் இருந்தது. குளிர்காலத்தில் உறைந்த அந்தக் குளத்திலிருந்து வெட்டி வைத்த பனிக்கட்டி, கோடையில் வீட்டு விருந்துகளில் பானங்களைக் குளிரவைத்தது. பதின்ம வயதில் நோயுற்ற சகோதரரோடு கியூபாவுக்குப் போனபோது வெப்பமண்டல வெயில் என்றால் என்ன என்பதும் தெரிந்தது. இங்கே சும்மா கிடைப்பதை அங்கே விற்றால் என்ன?

கேட்டவர்கள் சிரித்தார்கள். பனிக்கட்டியை ஏற்ற எந்தக் கப்பல்காரரும் தயாராக இல்லை, உருகினால் கப்பலே முழுகிவிடும் என்று பயந்தார்கள். 22 வயது டியூடர் சொந்தமாக ஒரு கப்பலையே வாங்கினார். 1806 பிப்ரவரியில் சுமார் 130 டன் பனிக்கட்டியோடு கரீபியக் கடலில் உள்ள மார்ட்டினிக் தீவுக்குக் கிளம்பினார்.

பனிக்கட்டி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதை வைத்து என்ன செய்வது என்று அந்த ஊர் மக்களுக்குத் தெரியவில்லை. வைத்துக்கொள்ள இடமும் இல்லை. வாங்கிப்போனவர்களின் கையிலேயே கரைந்தது. பூங்கா ஒன்றை நடத்தியவருக்கு டியூடரே ஐஸ்கிரீம் செய்து காட்டினார், அது மட்டும் விற்றது. மற்றபடி பெரிய நஷ்டம். அடுத்த சில ஆண்டுகளில் கடனுக்காகச் சிறைக்கும் போய்வந்தார்.

இந்தத் தோல்வியில் டியூடர் கற்றதுதான் கதையின் மையம். விற்க வேண்டியது பனிக்கட்டியை அல்ல, குளிர்ந்த ருசியை. அதனால் மதுக்கடைக்காரர்களுக்கு ஆரம்பத்தில் ஐஸை இலவசமாகவே கொடுத்தார். ஒரு நிபந்தனை: குளிர்ந்த பானத்துக்கும் சாதா பானத்துக்கும் ஒரே விலைதான் வைக்க வேண்டும். ஒரு வாரம் சில்லுன்னு குடித்தவர் திரும்பவும் வெதுவெதுப்பானதைத் தொட மாட்டார் என்பது அவர் கணக்கு. பிறகு ஐஸுக்குக் காசு கேட்டால் கடைக்காரர் கொடுத்துத்தானே ஆக வேண்டும்! இன்று நம்மூர் கடைகள் சிலவற்றில் எம்.ஆர்.பி.க்கு மேல் கூலிங் சார்ஜ் என்று இரண்டு ரூபாய் சேர்த்து வாங்குகிறார்கள். சில்லறைக் கடையில் எம்.ஆர்.பி.யைத் தாண்டி வாங்குவது சட்டப்படி தவறு. ஆனாலும் கொடுத்துவிட்டுத்தான் வருகிறோம். டியூடரின் கணக்கு தப்பவில்லை.

நாக்கு ஏன் இப்படி மயங்குகிறது?

இனிப்பையும் கசப்பையும் உணரும் செல்களில் டிஆர்பிஎம்5 என்றொரு புரதம் இருக்கிறது. நாக்கில் படுவது 15 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு வெப்பமாகும்போது இது மேலும் மேலும் தீவிரமாக வேலை செய்யும் என்று 2005-ல் வெளியான ஆய்வு காட்டியது. அதாவது, குளிர்ந்தால் இனிப்பு மங்கும். உருகிப்போன ஐஸ்கிரீம் திகட்டுவது இதனால்தான். பல குளிர்பானங்களில் 100 மி.லி.க்கு சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் குடிக்கும்போது அந்தச் சர்க்கரையின் முழு அளவு நாக்குக்குத் தெரிவதே இல்லை. வெயிலில் வைத்துக் குடித்துப் பாருங்கள், சர்க்கரைப் பாகு போலிருக்கும். கூடவே, சூடான திரவத்தில் கார்பன் டை ஆக்சைடு தங்காது, சுர்ரென்ற கடியும் போய்விடும். ஃபில்டர் காபிக்கு இது தலைகீழ். அதன் ருசியில் பெரும்பங்கு மணம், அந்த மணம் ஆவியாகி மூக்குக்கு ஏற சூடு வேண்டும்.

டியூடருக்கு இந்த அறிவியல் எதுவும் தெரியாது. ஆனால் உருகாமல் காப்பது எப்படி என்று கைப்பட சோதித்துக் கண்டுபிடித்தார். ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்கத் தேவைப்படும் வெப்பம், அதே ஒரு கிலோ தண்ணீரை 0-விலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கப் போதும். ஆகவே பெரிய பாளங்களாக நெருக்கி அடுக்கி, சுற்றிலும் மரத்தூளைத் திணித்தால் வெளிப்பக்கம்தான் கரையும். மரத்தூளோ மர அறுவை ஆலைகளின் கழிவு. 1820-களில் நதானியல் வயத் என்பவர் குதிரை இழுக்கும் வெட்டுக்கருவியை உருவாக்கியதும் ஒரே அளவுப் பாளங்கள் மலிவாகக் கிடைத்தன.

1833 மே மாதம் டஸ்கனி என்ற கப்பல் 180 டன் ஐஸோடு கல்கத்தாவுக்குக் கிளம்பியது. நான்கு மாதப் பயணம், பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்தது. செப்டம்பரில் வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம்! அங்கே அதுவரை கிடைத்தது, குளிர்கால இரவுகளில் ஆழமில்லாத மண் பாத்திரங்களில் உறையவைத்த அழுக்குக் கூழ் ஐஸ். வெளியிலிருந்து பாட்டிலைக் குளிரவைக்கத்தான் அது ஆகும். வெடியுப்பு கரைத்த தண்ணீரில் பாட்டிலை முக்கிவைக்கும் வழக்கமும் இருந்தது. டியூடரின் பனிக்கட்டியோ கண்ணாடி போலத் தெளிவு, நேராக டம்ளருக்குள்ளேயே போடலாம். ஆங்கிலேயர்கள் சுங்க வரியைத் தள்ளுபடி செய்தார்கள், சந்தா போட்டு ஐஸ் கிடங்கும் கட்டினார்கள். அது அவர்களுக்கும் ஊர்ப் பணக்காரர்களுக்கும் மட்டுமான சுகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். சுமை இறக்கிய கூலிகளின் டம்ளருக்கு அது வரவில்லை.

இந்த வியாபாரம்தான் டியூடரைக் காப்பாற்றியது. காபி விலையில் சூதாடி 2 லட்சம் டாலருக்கும் மேல் கடனில் விழுந்திருந்தார். சூடான பானத்தில் போனதைக் குளிர்ந்த பானத்தில் மீட்க அவருக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது. 50 வயதில் திருமணம், ஆறு பிள்ளைகள், கடைசியில் பெரும் செல்வம். 1864-ல் 80 வயதில் இறந்தார்.

சென்னைக் கடற்கரையோரம் 1842-ல் அவர் ஐஸுக்காக ஒரு கிடங்கு எழுந்தது. தோரோ எழுதிப் புகழ்பெற்ற வால்டன் குளத்திலும் டியூடருக்காகப் பனிக்கட்டி வெட்டினார்கள். அந்தக் குளத்து நீரை மதராஸ்வாசிகளும் குடிப்பதை எண்ணித் தோரோ வியந்திருக்கிறார்.

1870-களில் இந்தியாவிலேயே இயந்திரத்தில் ஐஸ் தயாரானதும் கப்பல் ஐஸுக்கு வேலையில்லாமல் போனது. கட்டிடத்தை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே தங்கினார். பின்னர் சகோதரி சுப்பலட்சுமி அதை இளம் விதவைகளுக்கான இல்லமாக நடத்தினார். 1963-ல் அது விவேகானந்தர் இல்லம் ஆனது. அந்தப் பகுதியின் காவல் நிலையத்துக்கு மட்டும் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே பெயர்.