கடலிலிருந்து மீண்ட தாதி

சிங்கப்பூரின் காத்தோங் வட்டாரத்திலுள்ள செயிண்ட் பேட்ரிக்ஸ் பள்ளி, 1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய இராணுவ மருத்துவமனையாக இயங்கியது. அங்குப் பணியாற்றிய இராணுவத் தாதியருள் ஒருவர் விவியன் புல்விங்கல்.

பிப்ரவரி 12ஆம் நாள், தாதியர் 65 பேருடன் ‘வைனர் புரூக்’ கப்பல் சிங்கப்பூரை விட்டுப் புறப்பட்டது. இரண்டு நாளில் ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன. சுமத்ராவை அடுத்த பங்கா தீவில் கரையேறிய 22 தாதியரை ஜப்பானிய வீரர்கள் கடலுக்குள் நடக்கச் செய்து, பின்னாலிருந்து சுட்டனர். இடுப்பில் குண்டு பாய்ந்த விவியன் மட்டும், இறந்தவரைப்போல் மிதந்து உயிர்தப்பினார்.

சில நாள் காட்டில் மறைந்திருந்தார். பிறகு, சீருடையிலிருந்த குண்டுத் துளையைத் தண்ணீர்ப் புட்டியால் மறைத்தபடி சரணடைந்தார். கைதிகள் முகாமில் தோழியரைக் கண்டதும் நடந்ததைச் சொல்லிவிட்டார். செய்தி கசிந்தால் அனைவர் உயிருக்கும் ஆபத்து. எனவே, இனி அதைப்பற்றிப் பேசுவதில்லை என எல்லாரும் முடிவுசெய்தனர். பசியும் நோயும் வாட்டிய மூன்றரை ஆண்டும் அந்த இரகசியம் காக்கப்பட்டது. ஒருவரால் தாங்க முடியாத துயரத்தைத் தோழியர் பலர் சேர்ந்து சுமந்தனர் என்றே கூறவேண்டும். அம்முகாமில் இசைக்கருவிகள் ஏது? பெண்கள் சிலர் கூடி, வாயாலேயே இசை எழுப்பி மனத்தைத் தேற்றிக்கொண்டனர்.

அந்த 65 பேரில் நாடு திரும்பியவர் 24 பேரே. பங்கா தீவில் நடந்ததை விவியன் தோக்கியோ போர்க்குற்ற நீதிமன்றத்தில் சாட்சியமாக அளித்தார். பின்னர், முகாம் தோழி பெட்டி ஜெஃப்ரியுடன் விக்டோரியா மாநிலமெங்கும் சென்று நிதி திரட்டினார். மெல்பர்னில் தாதியர் நினைவு நிலையம் எழுந்தது. 1990களில், முதிய வயதில் பங்கா தீவுக்கு மீண்டும் சென்று, தோழியருக்கான நினைவுச் சின்னத்தைத் திறந்துவைத்தார்.