ஏடிபி முதல் புற்றுநோய் மருந்து வரை: யார் இந்த சுப்பாராவ்?

யானைக்கால் நோயைத் தடுக்க வீடு வீடாகத் தரப்படும் டிஇசி மாத்திரை, ரத்தப் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் தரப்படும் மெத்தோட்ரெக்சேட். இந்த இரண்டுமே ஒரே ஆய்வுக்கூடத்தில் உருவானவை. அதன் ஆராய்ச்சித் தலைவர் ஓர் இந்தியர், எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். பள்ளி இறுதித் தேர்வில் மூன்றாவது முயற்சியில்தான் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது, காந்தியின் அழைப்பை ஏற்று கதர் அணிந்தார். அது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. விளைவு, எம்பிபிஎஸ் பட்டத்துக்குப் பதிலாக அதைவிடக் குறைந்த எல்எம்எஸ் சான்றிதழ்தான் கிடைத்தது.

இதற்கிடையே சகோதரர்கள் இருவரை 'ஸ்ப்ரூ' என்ற குடல் நோய்க்குப் பறிகொடுத்தார். பிறகு அமெரிக்கா கிளம்பினார். பாஸ்டனில் மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணியாளராக வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார்.

செல்லின் 'பேட்டரி'

தசை இயங்க ஆற்றல் எங்கிருந்து வருகிறது? லாக்டிக் அமிலம் உருவாவதுதான் காரணம் என்று அப்போது நம்பினார்கள். சைரஸ் ஃபிஸ்கேவும் சுப்பாராவும் தசையில் பாஸ்போகிரியேட்டின் என்ற சேர்மத்தைக் கண்டறிந்ததும் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. 1929-ல் ஏடிபியையும் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியாக அதைக் கண்டறிந்தார்.

செல்லுக்கு ஏடிபி சார்ஜ் ஏற்றிய பேட்டரி மாதிரி. உப்பை வெளியேற்றுவது, புரதம் கட்டுவது, இரண்டாகப் பிரிவது என எல்லா வேலைக்கும் அதுதான் செலவாகிறது. இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார்.

கொடுத்தால் வளர்ச்சி, தடுத்தால் சிகிச்சை

அங்கே அவரது குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஒரு செல் பிரிய வேண்டுமென்றால் முதலில் தன் டிஎன்ஏவை நகலெடுக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கும் இது மருந்தானது.

பாஸ்டனில் குழந்தைகள் மருத்துவர் சிட்னி ஃபார்பர் ஒன்றைக் கவனித்தார். ரத்தப் புற்றுநோய் உள்ள குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்தால் நோய் வேகமெடுப்பது போலத் தெரிந்தது. அப்படியென்றால் அதைத் தடுத்தால் என்ன?

சுப்பாராவ் குழு ஒரு 'போலி ஃபோலிக் அமிலத்தை' உருவாக்கியது. அசல் என்று நினைத்து நொதி இதைப் பிடித்துக்கொள்ளும், டிஎன்ஏ தயாரிப்பு நின்றுபோகும். வேகமாகப் பிரியும் புற்றுசெல்தான் அதிகம் அடிவாங்கும். அமினோப்டெரின் என்ற அந்த மருந்தை 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. கீமோதெரபியின் தொடக்கக் கட்ட வெற்றிகளில் இது முக்கியமானது. மெத்தோட்ரெக்சேட் இதற்கு நெருங்கிய உறவு.

இந்த முடிவு வெளியானது 1948 ஜூனில். அதே ஆகஸ்டில் சுப்பாராவ் 53 வயதில் காலமானார். அமெரிக்கா போனவர் இந்தியா திரும்பவே இல்லை. நோபல் பரிசும் கிடைக்கவில்லை. 1995-ல் நூற்றாண்டையொட்டி இந்தியா தபால் தலை வெளியிட்டது.

அவர் பெயர் நமக்குத் தெரியாமல் இருக்கலாம். அவரது குழு தந்த மாத்திரைகள் இன்றும் மருந்துக் கடைகளில் இருக்கின்றன.