உலுக்பெக்: பட்டமே பெயரான இளவரசர்!

உஸ்பெகிஸ்தான்ல ஆண் குழந்தைகளுக்கு இன்னிக்கும் வைக்கிற பெயர், உலுக்பெக். துருக்கிய மொழியில் ‘உலுக்’ என்றால் பெரிய, ‘பெக்’ என்றால் தலைவர். ஆனா, முதல்ல இது பெயரே இல்லை, பட்டம்!

டெல்லி வரை படையெடுத்து வந்த தைமூரை உங்களுக்குத் தெரியும். 1394-ல் பிறந்த அவருடைய பேரனுக்கு வைத்த பெயர், முகமது தராகாய். கடைசியில் நிலைத்ததோ உலுக்பெக் என்ற பட்டம்தான். 15 வயதிலேயே சமர்கண்ட் நகரின் ஆட்சி அவர் கைக்கு வந்தது. தாத்தா நாடு பிடிக்க அலைந்தார். பேரனுக்கோ வானத்தின் மேல் ஆசை. கல்விக்கூடம் கட்டினார், பிறகு வானியல் ஆய்வுக்கூடம். டெலஸ்கோப்பே இல்லாத காலம் அது. சுமார் 40 மீட்டர் ஆரமுள்ள பிரமாண்டமான கோணமானியை வைத்து வானத்தை அளந்தார்கள். 1437-ல் 1,018 நட்சத்திரங்களின் பட்டியல் தயார்!

வானத்தைப் படித்தவருக்கு அரசியல் கைகொடுக்கலை. 1449-ல் மகன் அப்துல் லத்தீஃபே ஆட்சியைப் பறித்து, அப்பாவைக் கொல்ல வைத்தார். ஆய்வுக்கூடமும் அழிந்து மண்ணுக்குள் போனது. 1908-ல்தான் அதன் மிச்சத்தைத் தோண்டி எடுத்தார்கள்.

இன்னிக்கு நிலாவில் ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயர்தான். உலுக்பெக்னு யாரையாவது சந்திச்சா, அந்த 1,018 நட்சத்திரங்களையும் நினைச்சுக்கோங்க!