உரிமையைச் சட்டம் கொடுத்ததா? – நீதிபதி கோகா சுப்பாராவ்

மனிதனின் உரிமைகள் அரசியல் சட்டம் எழுதப்பட்ட பிறகு வந்தவையா? அல்லது அவை முன்பே இருந்து, சட்டம் அவற்றுக்குக் காவல் மட்டும் போட்டதா? இக்கேள்விக்குத் தயங்காமல் பதில் சொன்ன பிரதம நீதிபதி ஒருவர் நம் நாட்டில் இருந்தார். அவர்தான் கோகா சுப்பாராவ்.

1902 ஜூலை 15-ல் ராஜமகேந்திரபுரத்தில் பிறந்தவர். தெலுங்கரே ஆயினும் சட்டம் படித்ததும் தொழில் பழகியதும் சென்னையில்தான். மாமனாரிடம் ஜூனியராக இருந்து, பிறகு மைத்துனர் பி. வி. ராஜமன்னாருடன் கூட்டாகத் தொழில் நடத்தினார். 1948-ல் சென்னை ஹைக்கோர்ட்டு நீதிபதியானார். ஆந்திர ராஜ்யம் பிரிந்தபின் 1954-ல் குண்டூரில் அமைந்த ஹைக்கோர்ட்டின் முதல் பிரதம நீதிபதியும் அவரே. 1958-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றார்.

அங்கே பலமுறை மற்ற நீதிபதிகளுடன் மாறுபட்டு நின்றார். 1962-ல் வந்த கரக் சிங் வழக்கு ஒன்றே போதும். கொள்ளைக் குற்றச்சாட்டுக்குச் சாட்சியம் இல்லையென்று விடுவிக்கப்பட்ட மனிதரை உத்தரப் பிரதேசப் போலீசார் விடாமல் கண்காணித்தனர். நள்ளிரவில் வந்து கதவைத் தட்டினர். இரவில் வீட்டுக்குப் போவது மட்டும் தவறு, மற்றக் கண்காணிப்பு சரியே என்றனர் பெரும்பான்மை நீதிபதிகள். சுப்பாராவ் ஒப்பவில்லை. பின்னாலேயே போலீஸ் நிழல் தொடரும்போது ஒருவன் சுதந்திரமாக நடமாடுகிறான் என்று எப்படிச் சொல்வது என்பது அவர் வாதம். அந்தரங்கமும் சுதந்திரத்தின் பகுதியே என்று எழுதினார். நீதிபதி ஷா ஒருவரே அவருடன் சேர்ந்தார்.

1966 ஜூனில் பிரதம நீதிபதியானார். மறு ஆண்டு பிப்ரவரி 27-ல் வந்ததுதான் கோலக்நாத் தீர்ப்பு. பஞ்சாபில் 500 ஏக்கருக்கு மேல் வைத்திருந்த குடும்பம் நில உச்சவரம்பை எதிர்த்துப் போட்ட வழக்கு. அடிப்படை உரிமைகளைப் பறிக்கும் சட்டம் எதையும் அரசு இயற்றலாகாது என்கிறது 13-வது ஷரத்து. சட்டம் என்ற சொல் அரசியல் சட்டத் திருத்தத்தைக் குறிக்காது என்று 1951-லும் 1964-லும் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருந்தது. சுப்பாராவ் ஷரத்தின் வாசகத்தையே எடுத்துப் பார்த்தார். திருத்தமும் பார்லிமெண்டு செய்யும் சட்டம்தானே. அதற்கு விலக்கு உண்டென்று எங்கே எழுதியிருக்கிறது? 368-வது ஷரத்தின் அன்றைய தலைப்பும் திருத்தும் முறையைத்தான் சொல்லிற்று. மேலும், இயற்கை உரிமைகள் என்று முன்னோர் அழைத்தவற்றுக்கே இக்காலப் பெயர் அடிப்படை உரிமைகள் என்றார். எனவே பார்லிமெண்டு அவற்றில் கை வைக்க முடியாது. 11 நீதிபதிகளில் ஆறு பேர் இப்பக்கம், ஐவர் எதிர்ப்பக்கம்.

வேடிக்கை என்னவென்றால், வழக்குத் தொடுத்த குடும்பத்துக்குப் பலன் கிடைக்கவில்லை! பழைய திருத்தங்களை ரத்துச் செய்தால் நாடெங்கும் நிலச் சீர்திருத்தம் கவிழ்ந்துவிடும். ஆகவே தீர்ப்பு இனிமேல் வருவதற்கே பொருந்தும் என்றார்.

நிலச்சுவான்தார்களின் நீதிபதி என்று அவரைத் தூற்றியவர்கள் உண்டு. அதில் நியாயம் அறவே இல்லையென்று சொல்ல மாட்டோம். சென்னையில் வீட்டுமனைகளுக்காக நிலம் எடுத்த வஜ்ரவேலு முதலியார் வழக்கில், நஷ்டஈடு சொத்தின் நியாயமான மதிப்புக்கு ஈடாக வேண்டும் என்றவர் அவரே. ஆனால் பாஸ்போர்ட் தருவதும் மறுப்பதும் அதிகாரிகளின் இஷ்டம் என்றிருந்த நிலையை 1967 ஏப்ரலில் மாற்றியவரும் அவர்தான். சொத்துள்ளவனுக்கு ஒரு நியாயம், கரக் சிங்குக்கு ஒரு நியாயம் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை.

மறுநாளே, ஏப்ரல் 11-ல், ஓய்வுபெற மூன்று மாதம் இருக்கையில் பதவியை ராஜிநாமாச் செய்து, எதிர்க்கட்சிகளின் வேட்பாளராக ஜனாதிபதி தேர்தலில் நின்றார். இதை அவர் செய்திருக்க வேண்டாம் என்பதே நம் எண்ணம். சர்க்காருக்கு எதிரான தீர்ப்பின் மை உலருமுன் எதிர்க்கட்சிகளின் மேடை ஏறியதால், அத்தீர்ப்புக்கே அரசியல் சாயம் பூசப் பிறருக்கு இடம் கிடைத்தது. டாக்டர் ஜாகீர் உசேன் 4,71,244 வாக்கு மதிப்புப் பெற்று வென்றார், சுப்பாராவுக்கு 3,63,971.

1971-ல் 24-வது திருத்தம் கோலக்நாத் தீர்ப்பை மீறிற்று. 1973-ல் கேசவானந்த பாரதி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் அதைக் கைவிட்டது. எனினும் அரசியல் சட்டத்தின் அடிப்படை அமைப்பை மட்டும் மாற்றலாகாது என்றது.

1976 ஏப்ரல் 28-ல், நெருக்கடி நிலையின்போது, காவலில் வைக்கப்பட்டவர் உயிருரிமைக்காகக் கோர்ட்டை நாட முடியாது என்று தீர்ப்பாயிற்று. மாறுபட்டவர் நீதிபதி கன்னா ஒருவரே. அதற்கு எட்டு நாள் கழித்து, மே 6-ல், சுப்பாராவ் காலமானார். 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய பெஞ்சு அந்த 1976 தீர்ப்பைத் தள்ளியது. அதே தீர்ப்பில், கரக் சிங் வழக்கில் சுப்பாராவ் எழுதிய மாறுபட்ட கருத்தே சரியென்றும் ஏற்றது.