பத்து வெள்ளிக்குக் கணக்குச் சொன்னவர்



பிரிக்பீல்ட்ஸுக்குப் போகிறவர்கள் ஜாலான் துன் சம்பந்தனை மிதிக்காமல் வர முடியாது. அவர் ம.இ.கா. தலைவர், அமைச்சர் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் கட்டிக் காத்த ஒரு சங்கத்தைப் பற்றி நம்மில் பலர் கேட்டதில்லை. கோயில் கமிட்டி, பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்று நீங்களும் ஏதாவது ஒன்றில் இருப்பீர்கள். முதல் கூட்டத்துக்கு நாற்காலி பத்தாது. ஆறாவது கூட்டத்தில் செயலாளரும் பொருளாளரும் மட்டும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்! அதனால்தான் இதைச் சொல்ல வந்தேன்.

வீ.தி. சம்பந்தன் 1919 ஜூன் 16-இல் பேராக், சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தகப்பனார் வீராசாமி ரப்பர் தோட்ட உரிமையாளர். மகன் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வரை போய்ப் படித்தார். ஊரில் மகாத்மா காந்தி தமிழ்ப்பள்ளி எழும்ப முன்னின்றார். 1955-இல் ம.இ.கா. தலைவரும் அமைச்சரும் ஆனார்.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தாத்தா பாட்டி சொல்லும் 'துண்டாடல்' இதுதான். சின்னத் துண்டு வாங்கியவனுக்கு லயம் எதற்கு, ஆயாக் கொட்டகை எதற்கு? பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு வேலையும் போச்சு, வீடும் போச்சு.

1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஆளுக்குப் பத்து வெள்ளி போட்டு, தொழிலாளர்களே தோட்டத்தை வாங்குவது என்று திட்டம். அன்றைய கூலிக்குப் பத்து வெள்ளி லேசுப்பட்ட காசா? சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டார்.

அடுத்த வருஷமே, 1961-இல், கெடாவில் ஏறக்குறைய 3,000 ஏக்கர் கொண்ட புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்துக்குச் சொந்தமானது. சங்கத்தைக் காப்பாற்றியது இதுதான் என்பேன். காசு கொடுத்தவன் கண்ணால் பார்க்க ஒன்று இருந்தது. நிர்வாகத்தில் இருப்பவருக்கும் கூட்டத்துக்கு வரக் காரணம் வேண்டுமே! தேநீரும் மாலை மரியாதையும் எத்தனை நாளைக்கு இழுக்கும்?

இன்னொன்று, கூட்டுறவுச் சட்டம். பங்கு ஒன்றானாலும் நூறானாலும் ஓட்டு ஒன்றுதான். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேலில் சில நெசவாளர்கள் போட்ட வழி இது. வருஷா வருஷம் பேராளர் கூட்டத்தில் கணக்கு வைக்கணும். காண்டா வாளி தூக்கியவரும் எழுந்து கேட்கலாம். கேள்வி கேட்க ஆள் இல்லாத கமிட்டிதான் சீக்கிரம் தூங்கிப் போகிறது.

1973-இல் கட்சித் தலைமை கைவிட்டுப் போனது. 1974-இல் அமைச்சர் பதவியும் இல்லை. மனம் ஒடிந்து வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். அவர் கூட்டுறவுச் சங்கத்தை விடவில்லை. 1979 மே 18-இல் காலமானபோது தகப்பன் வைத்த சொத்து வெகுவாகக் கரைந்திருந்தது. சங்கத்தின் நிலமோ பெருகியிருந்தது. 1980-இல் அவர் துணைவியார் தோ புவான் உமாசுந்தரி தலைமை ஏற்று 1995 வரை நடத்தினார். கணவருக்குப் பின் மனைவியா என்று சிலர் முகம் சுளிக்கலாம். தலைவரோடு சங்கமும் சுடுகாட்டுக்குப் போகவில்லை என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

நம் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்கள் பல இன்று தாமான்களாகிவிட்டன. கோலாலம்பூர் போனால் ஜாலான் சுல்தான் சுலைமானில் விஸ்மா துன் சம்பந்தனைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பாட்டியின் டிரங்குப் பெட்டியையும் ஒருமுறை கிளறிப் பாருங்கள். பழைய பங்குச் சீட்டு கிடைத்தால், அதை எடுத்துக்கொண்டே போங்கள்.